கூலிக்காரன் போன பயணம் கணக்கில் சேராதா?

சனி, ஞாயிறு வந்துவிட்டால் புதுவைக் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் பிரஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் திரும்பியதும் நண்பர்களிடம் போன இடம், பார்த்த காட்சி, தின்ற பண்டம் எல்லாவற்றையும் சொல்லி மகிழ்கிறார்கள். இதற்கென்றே நகரங்களில் குழுக்கள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு தடவை கூடுகிறார்கள். ஒருவர் தம் பிரயாண அனுபவத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் கேட்டு, பிற தேசத்தாரின் நடை உடை பாவனைகளைத் தெரிந்துகொள்கிறார்கள்.

நல்ல காரியந்தான். இதில் நாம் குறை காண ஒன்றுமில்லை. நம் கேள்வி வேறு. பயணம் என்பது கையில் காசும் லீவும் உள்ளவனுக்கு மட்டும் சொந்தமா? வில்லியனூர் கொம்யூனிலும் பாகூர் கொம்யூனிலும் கடல் தாண்டிப் போய் வந்தவர் இல்லாத ஊர் ஏது? துபாயில் கொத்து வேலை செய்தவர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் நின்றவர், பக்கத்து மாநிலத்தில் கரும்பு வெட்டப் போய்க் குடும்பத்தோடு குடிசையில் கிடந்தவர், 2020இல் ஏ.எஃப்.டி. ஆலை மூடப்பட்ட பிறகு திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடி அலைந்தவர்... இவர்கள் போனது பயணம் இல்லையா?

பாரிசில் பன்னிரண்டு நாள் தங்கியவர் புத்தகம் எழுதுகிறார். பாலைவனத்தில் பன்னிரண்டு வருஷம் குழாய் பதித்தவர் திரும்பி வருகிறார், ஊரார் அவரிடம் கேட்பது ஒரே கேள்வி: “எவ்வளவு கொண்டாந்தே?” அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்பாரில்லை. எந்தத் தேசத்தானோடு ஒரே அறையில் படுத்தார், எத்தனை பாஷை பேசக் கற்றார், எந்த ஏஜெண்டு ஏமாற்றினான், ஆபத்தில் யார் கை கொடுத்தார் என்ற விஷயமெல்லாம் அவர் நெஞ்சிலேயே கிடந்து அவரோடு மறைந்துபோகிறது. அடுத்த வருஷம் அதே தெருவிலிருந்து அவர் தம்பி மகன் புறப்படுகிறான். அதே ஏஜெண்டு, அதே ஆசை வார்த்தை, அதே கடன்!

ஆகவே நாம் சொல்கிறோம்: உழைப்பாளிகள் தங்கள் பயணக் கதைகளைச் சொல்லவும் கேட்கவும் ஊருக்கு ஊர் ஒரு கூட்டம் வேண்டும். இது பொழுதுபோக்குக்கு மட்டும் அல்ல. சொல்லப்படாத பயணத்துக்கு ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கூலியின் கதை செய்த வேலை

கதை என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்கலாம். சரித்திரம் பதில் சொல்கிறது.

வட இந்தியாவில் பிரோசாபாத் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர் தோதாராம் சனாத்யா. வறுமையால் வேலை தேடிப் புறப்பட்ட வாலிபர். வழியில் ஆள்பிடிக்கிறவன் பேச்சில் மயங்கினார். 1893இல் ஐந்து வருஷ ஒப்பந்தக் கூலியாக பிஜித் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார். கரும்புத் தோட்டம், சவுக்கடி, அரை வயிற்றுக் கஞ்சி எல்லாவற்றையும் கண்டார். 21 வருஷம் கழித்து 1914இல் தாய்நாடு திரும்பினார். வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. அவர் சொல்லச் சொல்ல, பனாரசிதாஸ் சதுர்வேதி என்ற எழுத்தாளர் எழுதினார். ‘பிஜித் தீவில் எனது 21 ஆண்டுகள்’ என்று இந்தியில் வெளிவந்த அந்தப் புத்தகம் பிற பாஷைகளிலும் பரவியது. ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க நடந்த கிளர்ச்சிக்கு அது கையில் கிடைத்த ஆயுதமாயிற்று. 1917இல் கூலிகளைக் கப்பலேற்றுவது நின்றது. 1920இல் பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

அந்த ஒரு புத்தகம் மட்டுமே இதைச் சாதித்தது என்று நாம் சொல்லவில்லை. தேசம் முழுவதும் எழுந்த எதிர்ப்பு இருந்தது; ஆண்ட்ரூஸ் போன்ற நல்லவர்கள் பிஜிக்கே போய் விசாரித்து எழுதிய அறிக்கைகள் இருந்தன. ஆனால் அறிக்கை எழுதுகிறவர் பார்த்துவிட்டுச் சொல்கிறார்; தோதாராம் பட்டுவிட்டுச் சொன்னார். பட்டவன் சொல்லும்போது துரைமார்களால் ‘எல்லாம் பொய்’ என்று தட்டிக் கழிக்க முடியவில்லை.

இதே காலத்தில் நமது புதுவையில் என்ன நடந்தது? 1908 முதல் 1918 வரை இங்கே அடைக்கலம் புகுந்திருந்த பாரதி, பிஜிக் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் படும் துன்பத்தைப் பாட்டாகப் பாடினார். அவர் பிஜிக்குப் போனதில்லை. போனவர்கள் பட்ட பாடு செய்தியாக இங்கே வந்து சேர்ந்தது. அதைக் கேட்ட நெஞ்சு பொறுக்கவில்லை. ஒருவன் சொன்னால் இன்னொருவன் பாடுவான். பாடினால் ஆயிரம் பேர் கேட்பார்கள். சொல்லுகிற வாய் ஒன்று முதலில் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

நம் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள்

பிஜி மட்டுந்தானா? நம் வீட்டு வாசலிலிருந்தே கப்பல்கள் போயின. 1848இல் பிரஞ்சு சர்க்கார் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானனின் தோட்டத்தில் இனி அடிமைப்பட்டு உழைக்க மறுத்தார்கள். சர்க்கரை முதலாளிகளுக்குக் கை வேண்டும். மலிவான கை வேண்டும். புதுவையிலும் காரைக்காலிலும் கூலிக் கப்பல்கள் வந்து நின்றன. பிரஞ்சு எல்லைக்குள் இருந்தவர்கள் மட்டுமல்ல, சுற்றியிருந்த இங்கிலீஷ்காரன் ஜில்லாக்களின் ஏழைகளும் மேஸ்திரிகள் பேச்சைக் கேட்டு இங்கே வந்து ஏறினார்கள்.

‘ஒரேலி’ என்ற கப்பல் சுமார் 300 பேரை ஏற்றிக்கொண்டு 1853 மே மாதம் மர்த்தினிக் தீவில் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு சுமார் மூன்று மாதக் கடல் பயணம்! 1880களின் முடிவு வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். மர்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர். ரெயூனியன் தீவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல்! திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். மண்ணோடு மண்ணானவர்கள் ஏராளம். அங்கேயே வேர் பிடித்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் வாழ்கிறார்கள்.

அவர்கள் அங்கே சும்மா இருந்துவிடவில்லை. குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சத்தாருக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதை எதிர்த்து 1904இல் வழக்கைத் தொடங்கினார். பத்தொன்பது வருஷம் விடாமல் நின்றார். 1923இல் வெற்றி கிடைத்தது. அதே தீவில் இந்திய வம்சத்தில் வந்த எர்னஸ்ட் முத்துசாமி என்ற எழுத்தாளர், கம்யூனிஸ்டாக 1981இல் பிரஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2002 வரை உறுப்பினராக இருந்தார். புதுவைக் கடற்கரையில் இன்று பிரஞ்சுக் கட்டடத்தின் அழகைச் சொல்லும் வழிகாட்டி, இந்தக் கதையில் ஒரு வரியாவது சொல்கிறானா? டுப்ளெக்சு துரையின் சிலை எந்த மூலையில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. சிதம்பரத்தின் பெயர் வில்லியனூர் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியாது!

கூத்தும் குழம்பும் கூடவே போயின

கலாசாரம், கலாசாரம் என்று பேசுகிறார்களே, அதைச் சுமந்து போனவன் யார்? மூட்டை முடிச்சு இல்லாத கூலிதான் சுமந்து போனான்!

நம் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து ஆடி, முடிவில் தீ மிதிக்கிறோம். ரெயூனியனிலும் தீ மிதிக்கிறார்கள். அங்கே அந்த அம்மனுக்குப் ‘பாண்டியாளே’ என்று பெயர். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை அங்கே ‘நார்ல்கோன்’ என்கிறார்கள். வேறொன்றுமில்லை, நமது ‘நாடகம்’தான் வாய் மாறிப் போயிற்று. அதையே குவாதலூப்காரர்கள் ‘நாத்ரோன்’ என்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாதவர்கள் கூட அந்தப் பாட்டுகளைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள். அந்தத் தீவுகளில் மாரியம்மன் ‘மாலியேமேன்’ ஆனாள். மசாலைப் பொடி போட்டுச் சமைக்கும் ‘கொலம்போ’ என்ற குழம்பு இன்று குவாதலூப்பில் கறுப்பர், வெள்ளையர் எல்லோருக்கும் விருந்துச் சாப்பாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடலில் காப்பவர் என்று நம்பி, இந்துக் கூலிகளும் நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டார்கள். மர்த்தினிக்கிலும் ரெயூனியனிலும் மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே நாகூராருக்குக் கொடிமரம் நட்டார்கள். கப்பலின் அடித்தட்டில் ஒரே தண்ணீர்ப் பீப்பாயைப் பங்கிட்டுக் குடித்தவர்களுக்கு மதச் சண்டை போட நேரமில்லை.

வில்லியனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தைப் பிரஞ்சு கவர்னர் பிடித்து இழுத்த வழக்கம் இருந்தது. லூர்து மாதா கோயிலின் சொரூபம் 1877இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. பக்கத்தில் சுல்தான்பேட்டையில் தொழுகை ஒலி கேட்கிறது. வந்தவர், போனவர், தங்கியவர் எல்லோரும் சேர்ந்துதான் நம் ஊரைச் செய்திருக்கிறார்கள். ‘அந்நியன்’ என்ற வார்த்தையை உச்சரிக்கும் முன்னால் இதை நாம் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடம் வந்திருக்கிறவர்கள்

நாம் போன கதை இது. நம்மிடம் வந்தவர்களின் கதை? சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். பீகார், ஒடிசா, வங்காளம் என்று எத்தனை ஊர்ப் பிள்ளைகள்! கட்டட வேலையில், ஓட்டலில், நாற்று நடும் வயலிலேயே கூட இன்று அவர்கள் இருக்கிறார்கள். நம்மில் சிலர் என்ன சொல்கிறார்கள்? “வடக்கத்தியான் வந்து நம்ம கூலியைக் கெடுக்கிறான்.”

தோழர்களே, கூலியைக் குறைப்பது யார்? வந்தவனா, வரவழைத்தவனா? உள்ளூர்க்காரன் எட்டு மணி நேரத்துக்குக் கேட்கும் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்காகத்தானே காண்டிராக்டர் ரயிலேற்றிக் கொண்டுவருகிறான்! அன்று கறுப்பர்களின் கூலி உயர்ந்துவிடாமல் இருக்க நம் முப்பாட்டன்மாரைக் கப்பலேற்றிய அதே தந்திரந்தான் இது.

2023 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் பீதியடைந்தார்கள். பீகார் சர்க்காரே அதிகாரிகளை அனுப்பி விசாரித்து, அது வதந்தி என்று கண்டது. ஒரே பட்டறையில் நிற்கும் இருவர், ஒருவர் பெயரையும் ஊரையும் குடும்பத்தையும் மற்றவர் அறிந்திருந்தால் இப்படிப்பட்ட பொய் ஒரு நாள் நிற்குமா? அறியாமை இருக்கும் இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது.

அந்த பீகாரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ராகுல் சாங்கிருத்யாயனை நம் வாசகர்கள் அறிவார்கள். ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ படிக்காத ஊழியர் குறைவு. நாடு நாடாக நடந்தவர். ‘ஊர்சுற்றிப் புராணம்’ எழுதியவர். அவர் 1939இல் பீகார் விவசாயிகளோடு நிலத்துக்காக நின்று அடிபட்டுச் சிறை சென்றார். அந்த மண்ணிலிருந்து வந்தவன்தான் பக்கத்து மெஷினில் நிற்கிறான். அவனிடம் கேட்க நமக்கு ஒன்றுமே இல்லையா?

“கதை சோறு போடுமா?”

‘பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவனுக்குக் கதை கேட்கவா தெம்பு இருக்கும்? கதை சோறு போடுமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சோறு போடாது, ஆனால் சோற்றைத் தட்டிப் பறிக்கிறவனை அடையாளம் காட்டும்.

பாகூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் வளைகுடாவிலிருந்து திரும்பிய கொத்தனார் ஒருவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். போய் இறங்கிய அன்றே அவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இரண்டு வருஷம் கழித்து, கூடவே தங்கியிருந்த ஒரு நேப்பாளத்துத் தொழிலாளி சொல்லித்தான் அது அந்த நாட்டுச் சட்டத்துக்கே விரோதம் என்று அவருக்குத் தெரிந்ததாம். கடையிலிருந்த இரண்டு வாலிபர்கள் அதே நாட்டுக்குப் புறப்படக் காத்திருப்பவர்கள். அந்த அரைமணி நேரப் பேச்சு அவர்களுக்கு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு சர்க்காரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1983ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னது. வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் வரியும் தவிர அதிகம் வாங்கக் கூடாது என்று அதன் கீழ் விதி வந்தது. நம் ஊரில் நிலத்தை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? 2024 ஜூன் 12ஆம் தேதி குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளிகள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பற்றியது. இந்தியர்கள் மட்டும் 45 பேர் மாண்டார்கள்; அதில் 7 பேர் தமிழ்நாட்டவர். தங்குமிடத்தில் எத்தனை பேர், வெளியேற வழி உண்டா என்று புறப்படுமுன் கேட்க வேண்டும் என்ற புத்தி, அங்கே தங்கியவன் வாயால்தான் வர வேண்டும்.

வேறு தேசத்துத் தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்ற அறிவு நமக்கு எவ்வளவு பெரிய பலம் தந்தது என்பதற்குப் புதுவையே சாட்சி. 1936இல் பிரான்சில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. ‘அதே பிரஞ்சுக் கொடியின் கீழ்தானே நாங்களும் இருக்கிறோம், எங்களுக்கு ஏன் இல்லை?’ என்று புதுவை ஆலைத் தொழிலாளி கேட்டான். ஜூலை 30ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 12 தோழர்கள் உயிர் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பிரான்சில் என்ன நடக்கிறது என்று தெரியாதிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது!

எப்படி நடத்துவது?

இதற்கு மண்டபமும் மைக்கும் வேண்டாம். 1865இல் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிலாளிகள் ஒரு வழக்கம் தொடங்கினார்கள். தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து ஒருவரை நியமித்தார்கள். இவர்கள் சுருட்டுச் சுற்றும்போது அவர் பத்திரிகையும் கதையும் உரக்கப் படிப்பார். கேரளத்தில் கண்ணூர் பீடித் தொழிலாளிகளும் அப்படியே படிக்கக் கேட்டார்கள். கை வேலை செய்தது, காது உலகத்தைச் சுற்றியது. அவர்கள் செய்ததை நாம் செய்ய முடியாதா?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். சங்க ஆபீசோ, கிளை நூலகமோ, ஆலமரத்தடியோ போதும். ஒரு உலகப் படத்தைச் சுவரில் மாட்டுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒருவர் பேசட்டும். போன ஊரைப் படத்தில் தொட்டுக் காட்டட்டும். சம்பளம், வேலை நேரம், சாப்பாடு, அந்த ஊர் ஜனங்களின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் சொல்லட்டும். பெருமை பீற்றிக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். படித்த பிள்ளை ஒன்று நோட்டில் எழுதி வைக்கட்டும். தோதாராமுக்கு ஒரு சதுர்வேதி கிடைத்தார். நம் தெருவில் பத்தாவது படித்த பெண் இல்லையா?

வடக்கிலிருந்து வந்த தொழிலாளியை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் வளைகுடாவில் இந்தி கற்று வந்த நம்மவர் மொழிபெயர்ப்பார். பிரஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள் இருந்தால், அவர்கள் வீட்டுப் பழைய கதைகளையும் கேளுங்கள். சைகோனில் வியட்நாமியரைச் சுட நம்மவரை அனுப்பியது யார் என்பதும் அதில் வெளிவரட்டும். பெண்களை மறந்துவிடாதீர்கள். வீட்டு வேலைக்குக் கடல் கடந்தவளும், புருஷன் போன பிறகு பத்து வருஷம் கடனையும் வயலையும் தனியே கட்டிக் காத்தவளும் சொல்ல நிறைய இருக்கிறது.

பாகூருக்குக் கல்விக் கூடம் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அந்த மூன்று ஊர்களிலும் உழுது விளைவித்தவன் அந்தக் கூடத்துக்குள் உட்கார்ந்து கேட்டிருப்பானா? அன்று நெல்லை மட்டும் உள்ளே விட்டார்கள். உழுதவனை வெளியே நிறுத்தினார்கள். நாம் கட்டப்போகும் கூடத்துக்குக் கதவே வேண்டாம்.

வருகிற ஞாயிறன்றே உங்கள் தெருவில் ஊர் திரும்பியிருப்பவர் ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். எவ்வளவு கொண்டுவந்தார் என்று கேட்காதீர்கள். என்ன கண்டார் என்று கேளுங்கள்!